காரணம்: மழை

சார், கொஞ்சம் இந்த பாட்டில் மூடியைத் திறந்து குடுங்களேன். வலது கையில கட்டு, இடது கையால முடியல. பல்லால கடிச்சுத் திறக்கலாம்னா முன்பல்லு ரெண்டும் இல்ல. தேங்க்ஸ் சார். சோழிங்கநல்லூர்ல பஸ் ஏறினதுலேர்ந்து மடியில வெச்சுக்கிட்டே உக்காந்திருக்கேன், கேக்க வெக்கமா இருந்துச்சு.

ஆக்ஸிடெண்டா? எல்லாரும் அதைத்தான் கேக்கறாங்க. நானும் ஆமாங்கன்னு சொல்லிட்டுப் போயிடுவேன். உங்ககிட்ட சொல்றதுக்கு என்ன, சைதாப்பேட்டை வந்தா நீங்க யாரோ நான் யாரோ. அடி சார். ஒரு பொம்பளை அடிச்ச அடி. சிரிக்காதீங்க. மணிக்கட்டு மூணு எடத்துல முறிஞ்சு உள்ள ப்ளேட் வெச்சிருக்காங்க. தாடைக்குக் கம்பி. எதால அடிச்சா தெரியுமா? பார்லர்ல வேக்ஸ் சூடு பண்ற எலெக்ட்ரிக் சட்டி இருக்கு பாருங்க, அதால. உள்ள மெழுகு இறுகிப்போய் செங்கல்லு கணக்கா கெடந்துச்சு. ஒயரைப் பிடிச்சு சுழட்டி சுழட்டி அடிச்சா சார்.

இன்னிக்கு சைதாப்பேட்டை கோர்ட்ல அவ ஜாமீன் மனு வருது. கம்பெனி வக்கீல், 'கோகுல், நீங்க கட்டோட வந்து நில்லுங்க, நீதிபதி கண்ணால பாக்கட்டும்'னார். அதுக்குத்தான் போறேன். போய் ஆட்சேபம்னு சொல்லணும். சொல்லுவேன். ஏன் சொல்லக்கூடாது? நீங்களே கேளுங்க, கேட்டுட்டு என் மேல தப்பு இருந்தா சொல்லுங்க.

எங்களோடது ஒரு ஆப் சார். ஃபேஷியல், வேக்ஸிங், த்ரெட்டிங், எல்லாத்துக்கும் பியூட்டீஷியன் உங்க வீட்டுக்கே வருவாங்க. லேடீஸுக்கு மட்டும். நான் அதுல ப்ராடக்ட் ஓனர். ஓனர்னு பேர்தான், கம்பெனி என்னுது இல்ல. ஆப்ல அடுத்து எதைச் செய்யறது, எது முதல்ல, எது கடைசின்னு வரிசை போடறவன் நான். யாருக்கு என்ன வேணும்னாலும் எங்களுக்கு ஒரு டிக்கெட் எழுதணும். அதுக்கு ஒரு முறை இருக்கு. நான் இன்னார், எனக்கு இன்னது வேணும், எதுக்காகன்னா இதுக்காக. மூணு பகுதி. அதை நாங்க ஸ்டோரின்னு சொல்லுவோம். செய்யாம நிக்கற ஸ்டோரி எல்லாம் சேர்ந்த பட்டியல்தான் பேக்லாக். அவ்வளவுதான் சார், பெரிய வித்தை இல்ல.

நான் சேர்றப்போ அறுநூத்தி நாப்பது நின்னுச்சு. குப்பைமேடு! எவனோ எப்பவோ கேட்டது, கேட்டவனே வேலையை விட்டுப் போயிட்டான். நான் வந்து அடிச்சு நொறுக்கினேன். ஒரு டிக்கெட்டை தொண்ணூறு நாள் யாரும் தொடலையா, போட்டுத் தள்ளு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் டீம் மொத்தமும் உக்காருவோம். நான் ஒவ்வொண்ணா படிப்பேன், பசங்க 'வெட்டு, வெட்டு'ன்னு கத்துவாங்க. வெட்டினதும் எல்லாரும் மேஜையில குத்துவோம். செம ஜாலியா இருக்கும்.

இன்னொண்ணும் பண்ணேன். ஒரு புக்கிங்கை ரத்து பண்ணணும்னா காரணம் குடுக்கணும், பட்டியல்ல இருந்து எடுத்து. மழை, வண்டி ரிப்பேர், பொருள் தீர்ந்துபோச்சு, இப்படி. கடைசில 'மற்றவை'ன்னு ஒண்ணு இருந்துச்சு. சோம்பேறிங்க எல்லாரும் அதையே அழுத்துவாங்க. ரிப்போர்ட் நாறிப்போச்சு. அதைத் தூக்கிட்டேன். அதுக்கப்புறம் ரிப்போர்ட் பளிச்சுனு ஆயிடுச்சு சார், மேலிடத்துல கைதட்டினாங்க.

சரி, விஷயத்துக்கு வரேன். தமயந்தின்னு ஒரு பியூட்டீஷியன். கண்ணகி நகர்ல இருந்து வர்ற பொண்ணு, முப்பது வயசு இருக்கும், புருஷன் இல்ல, ஒரு பையன். நல்ல வேலைக்காரி, அதை நான் மறுக்க மாட்டேன். போன அக்டோபர்ல ஒரு வீட்டுக்குப் போயிருக்கா. அபார்ட்மெண்ட்ல ஏழாவது மாடி. புக்கிங் ஒரு லேடி பேர்ல. கதவைத் திறந்தது ஆம்பளை. 'வைஃப் குளிச்சிட்டிருக்கா, உள்ள வாம்மா'ன்னு சொல்லியிருக்கான். உள்ள போனா பொம்பளை வாசனையே இல்ல. பின்னாடி தாப்பாள் விழற சத்தம். தலைமுடியைக் கொத்தாப் பிடிச்சு இழுத்து சுவத்துல மோதியிருக்கான். இவ பையில இருந்த கத்திரியை எடுத்து அவன் தொடையில ஒரே குத்து. குத்திட்டு ஓடி வந்துட்டா. பாத்தீங்களா, அப்பவே கை நீட்டற பழக்கம்.

போலீசுக்குப் போகல. குத்தினது இவதானே, பயம். அந்த ஆளு ஆப்ல ஒரே ஒரு ஸ்டார் குடுத்துட்டு அமைதியாயிட்டான்.

எங்க ஸ்டெல்லா மேடம்தான் பியூட்டீஷியன்களைப் பாத்துக்கற கோஆர்டினேட்டர். அந்தம்மா எனக்கு டிக்கெட் போட்டாங்க. எப்படி எழுதியிருந்தாங்க தெரியுமா? 'கோகுல், அந்த ஏழாவது மாடி வீட்டுக்கு இனி எந்தப் பொண்ணும் போகக்கூடாது, தயவுசெய்து ஏதாவது பண்ணுங்க.' இது டிக்கெட்டா சார்? லெட்டர்! திருப்பி அனுப்பினேன். ரெண்டாவது தடவை முறைப்படி எழுதினாங்க. 'நான் ஒரு பியூட்டீஷியன், ஒரு வீட்டை இனிமே வேண்டாம்னு குறிக்க எனக்கு வசதி வேணும், எதுக்காகன்னா பயமா இருக்கு.' பயமா இருக்குங்கறது ஒரு காரணமா? பிசினஸுக்கு அதுல என்ன பலன்? திருப்பி அனுப்பினேன். மூணாவது தடவை, 'எதுக்காகன்னா பியூட்டீஷியன்கள் வேலையை விட்டுப் போகாம இருக்க'ன்னு எழுதினாங்க. சூப்பர் மேடம், இப்பதான் ஸ்டோரின்னு நானே பாராட்டினேன். ரெண்டாயிரத்து நூத்திப் பதினேழாம் நம்பர். நான் சேத்துக்கிட்டேன் சார். சேத்துக்கலைன்னு யாரும் சொல்ல முடியாது.

அப்புறம் அது எவ்வளவு பெரிய வேலைன்னு மதிப்பு போடணும். நாங்க சீட்டு காட்டுவோம். ஆளுக்கொரு சீட்டுக்கட்டு, ஒண்ணு, ரெண்டு, மூணு, அஞ்சு, எட்டு, பதிமூணுன்னு எண் இருக்கும். எல்லாரும் ஒரே நேரத்துல திருப்பிக் காட்டணும். பார்கவின்னு ஒரு டெவலப்பர் பொண்ணு, அது ஒண்ணு காட்டுச்சு. 'ஒரு கட்டம், ஒரு டிக், அரை நாள் வேலை, நானே பண்றேன் கோகுல்'னுச்சு. மத்தவங்க எட்டு காட்டினாங்க. அந்த ஆளு வேற நம்பர்ல வந்தா? ஒரே வீட்டுல ரெண்டு பேர் புக் பண்ணா? பியூட்டீஷியன் வேணும்னே நல்ல கஸ்டமரைத் தடுத்துட்டா? இப்படிப் பேசிப் பேசிப் பதிமூணு ஆயிடுச்சு. பதிமூணுன்னா ரொம்பப் பெருசு, உடைக்கணும். நாலா உடைச்சேன். உடைச்சு கீழே வெச்சேன். மேல வேற வேலை இருந்துச்சு சார், தீபாவளி ஆஃபர், கோல்டு மெம்பருக்குத் தனி நிறம். எல்லாம் காசு வர்ற வேலை.

பிப்ரவரி கடைசி வெள்ளிக்கிழமை எங்களுக்குப் பெரிய நாள். அன்னிக்கு பேக்லாக் நூறுக்குக் கீழ வரணும்னு எனக்கு வெறி. தொண்ணூறு நாள் தாண்டினது எல்லாத்தையும் மொத்தமா தேர்ந்தெடுத்து ஒரே அழுத்து. அம்பத்தி மூணு உசிரு ஒரே நேரத்துல! டமார் டமார்னு மேஜையில குத்தினோம். கேக் வெட்டினோம். கேக் மேல 'தொண்ணூத்தி எட்டு'ன்னு எழுதியிருந்துச்சு. பார்கவி மட்டும் கேக் சாப்பிடல. டயட்டுன்னு நெனச்சேன்.

ஆமா, அந்த அம்பத்தி மூணுல அதுவும் இருந்துச்சு. எனக்கெப்படித் தெரியும்? நான் என்ன பேர் பாத்தா வெட்டறேன்? தேதி பாத்துதான்.

மார்ச் எட்டாம் தேதியோ ஒன்பதாம் தேதியோ, ஆப் தமயந்திக்கு அதே வீட்டைக் குடுத்துடுச்சு. பக்கத்துல இருக்கறவங்களுக்குத்தானே போகும், அதுல தப்பு இல்ல. வேலையை ஏத்துக்கற வரைக்கும் அட்ரஸ் காட்டாது. ஏத்துக்கிட்டு வேண்டாம்னு சொன்னா ஒரு கரும்புள்ளி. மூணு புள்ளி விழுந்தா ஒரு வாரம் ஐடி பூட்டிடும். அவளுக்கு ஏற்கெனவே ரெண்டு. அபார்ட்மெண்ட் கேட் வாசல்ல நின்னு ஸ்டெல்லாவுக்கு போன் பண்ணியிருக்கா. ஸ்டெல்லா எனக்குப் பண்ணாங்க. நான் மீட்டிங்ல இருந்தேன். மீட்டிங்ல போன் வந்தா நான் ஒரு மெசேஜ் தயாரா வெச்சிருப்பேன், 'டிக்கெட் போடுங்க'ன்னு. அதைத் தட்டி விட்டேன். எல்லாருக்கும் அதைத்தான் அனுப்புவேன், அந்தம்மாவுக்குன்னு தனியா இல்ல.

அவ மேல போயிருக்கா. இந்தத் தடவை அவன் தயாரா இருந்திருக்கான் சார். முதல்ல பையைப் பிடுங்கி கத்திரியை எடுத்து வீசியிருக்கான். 'குத்தினியே, குத்தினியே'ன்னு சொல்லிச் சொல்லி முகத்தை வாஷ்பேசின் விளிம்புல மோதியிருக்கான். அவ வேக்ஸ் சட்டியையே ப்ளக்ல சொருகி சூடாக்கி, கழுத்துலயும் கையிலயும் ஊத்தியிருக்கான். மெழுகு தோல்ல ஒட்டினா வழியாது, அங்கேயே நின்னு வேகும். கீழ் வீட்டுக்காரங்க அலறல் கேட்டு மேல ஓடி வர்றதுக்குள்ள அவளுக்கு இடது கண்ணு போயிடுச்சு.

கொடுமைதான். நான் கல்நெஞ்சக்காரன் இல்ல சார். கேள்விப்பட்டதும் எனக்கு அன்னிக்கு சாப்பாடு எறங்கல. ஆனா செஞ்சது அவன்தானே? நானா ஊத்தினேன்?

அவனுக்கு சீக்கிரமே ஜாமீன் கெடச்சுடுச்சு. பெரிய எடம். ஆப்ல அவன் கணக்கா? இருக்கு சார். கணக்கு பொண்டாட்டி பேர்ல இருக்கு, அந்தம்மா எப்பவோ பிரிஞ்சு போயிட்டாங்களாம். கேஸ் இவன் மேல. நாமளா முடக்கினா, தப்பு நம்மளோடதுன்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும், கோர்ட் சொல்ற வரைக்கும் தொடாதீங்கன்னு வக்கீல் எழுதியே குடுத்துட்டார். நான் என்ன பண்ண முடியும்?

ஏப்ரல் பதினெட்டு. நான் கண்ணாடி ரூம்ல டீமோட உக்காந்திருக்கேன். கதவைத் திறந்துக்கிட்டு தமயந்தி வந்தா. ட்ரெயினிங்குக்கு வந்து போன ஆளுன்னு செக்யூரிட்டி விட்டுட்டான். கண்ணுல கட்டு, கழுத்துல தோல் சுருங்கி செவசெவன்னு. தோள்ல அதே பை. நேரா என் எதிர்ல உக்காந்து, 'என் டிக்கெட் எங்க சார்?'னா.

நான் பதறல. ஒழுங்கா பேசினேன். ஸ்க்ரீனைத் திருப்பி, 'இதோம்மா, ரெண்டாயிரத்து நூத்திப் பதினேழு, மூடியாச்சு'ன்னு காட்டினேன். 'யாரு மூடினது?'ன்னா. 'தொண்ணூறு நாள் ஆயிடுச்சும்மா, அது விதி'ன்னேன். அந்த ஒத்தைக் கண்ணை ஸ்க்ரீனுக்குக் கிட்ட கொண்டுபோய் நம்பரைப் படிச்சுப் பாத்தா. 'திறக்க முடியுமா?'ன்னா. 'திறக்க முடியாது, புதுசா எழுதலாம், சொல்லுங்க நானே எழுதறேன்'னேன். பாருங்க சார், ப்ராடக்ட் ஓனர் தன் கையால டைப் பண்றது எந்தக் கம்பெனியில நடக்கும்?

'எழுதுங்க. நான் ஒரு பியூட்டீஷியன். எனக்கு என் கண்ணு வேணும்'னா.

எழுதினேன். அழுத்தினேன். சிவப்பா ஒரு கோடு வந்துச்சு, ஒரு பகுதி காலியா இருக்குன்னு. சத்தியமா சொல்றேன் சார், பழக்கதோஷத்துல சொல்லிட்டேன். 'எதுக்காகங்கறது விட்டுப்போச்சும்மா. அது இல்லாம சேவ் ஆகாது.'

அவ்வளவுதான். சட்டி எப்ப பையில இருந்து வெளிய வந்துச்சுன்னே தெரியல. முதல் அடி கீபோர்ட் மேல இருந்த இந்தக் கையில. எலும்பு முறியற சத்தம் காதுல கேட்டுச்சு. கையை எடுக்கறதுக்குள்ள ரெண்டாவது, மூணாவது. 'இதுக்காக, இதுக்காக'ன்னு கத்தறா. நான் எந்திரிச்சேன், தாடையில ஒண்ணு விழுந்துச்சு. பல்லு ரெண்டும் மேஜை மேல தெறிச்சு ஓடுச்சு. வாயெல்லாம் ரத்தம். நான் கீழ விழுந்து மேஜைக்கு அடியில போயிட்டேன், அவ குனிஞ்சு முதுகுல அடிக்கறா. ஆறு பேர் இருந்தாங்க சார் அந்த ரூம்ல. வெள்ளிக்கிழமையானா வெட்டு வெட்டுன்னு கத்தற பசங்க. ஒருத்தனும் கிட்ட வரல. பார்கவி எனக்கு நேர் எதிர்ல உக்காந்திருந்துச்சு. எந்திரிக்கவே இல்ல. லேப்டாப்பை மூடி வெச்சுட்டுப் பாத்துக்கிட்டு இருந்துச்சு. மறுநாள் ராஜினாமா. அதுதான் சார் எனக்கு இந்தக் கையை விட வலி.

ஆனா ஒண்ணு, கம்பெனியைக் குறை சொல்ல மாட்டேன். நான் ஆஸ்பத்திரியில இருந்தே ஒரு டிக்கெட் சொல்லி எழுத வெச்சேன். 'நான் ஒரு ஊழியர், எனக்கு ஆபத்தான ஆளுங்களை வாசல்லயே தடுக்கற வசதி வேணும், எதுக்காகன்னா நான் உயிரோட இருக்க.' சீட்டு காட்டல, பேச்சு இல்ல, நேரா முதல் எடம். விசிட்டர் பேருக்குப் பக்கத்துல ஒரு கட்டம், ஒரு டிக். அரை நாள்ல முடிச்சுட்டாங்க. தமயந்தி பேருக்கு நேரா முதல் டிக் போட்டாச்சு. இப்ப அவ உள்ள வரவே முடியாது. வேலைன்னா இப்படி இருக்கணும் சார்.

அந்தப் பழைய டிக்கெட்டா? இருக்கு, இருக்கு. ஸ்டெல்லா மறுபடி போட்டிருக்காங்க. பேக்லாக்ல இருக்கு.

ஏன் சார் அப்படிப் பாக்கறீங்க?

இருங்க, போன் அடிக்குது. சட்டைப் பையில. கொஞ்சம் எடுத்துக் குடுங்களேன்... மெசேஜ்தான். யாரு, ஸ்டெல்லாவா? பாத்தீங்களா, இதேதான் வேலை அந்தம்மாவுக்கு. படிங்க சார், கண்ணாடி கொண்டு வரல.

'கோகுல், அந்த ஏழாவது மாடி வீட்டுல இருந்து இப்ப ஒரு புக்கிங். ஜீவிதாவுக்குப் போயிருக்கு. இருபது வயசுப் பொண்ணு, சேர்ந்து பத்து நாள். வண்டியில போயிட்டிருக்கா, போன் எடுக்கல. எனக்கு ரத்து பண்ற வசதி இல்ல, உங்க அட்மின் ஆப்ல ரத்து பண்ணா அவ மேப் நின்னுடும், திரும்பிடுவா. பத்து நிமிஷம்தான் இருக்கு. கெஞ்சிக் கேக்கறேன்.'

ம்ம். வாட்ஸ்அப்ல அனுப்பினா எப்படி? ஒரு முறை வேண்டாமா? இன்னிக்கு இதைச் செஞ்சா நாளைக்கு நாப்பது பேர் வாட்ஸ்அப்ல கேப்பாங்க. சார், ஒரு உதவி. எனக்கு இடது கையில டைப் வராது, பஸ் வேற குலுக்குது. நீங்களே பதில் போட்டுடுங்க. 'டிக்கெட் போடுங்க.' அவ்வளவு போதும்.

என்ன? அட்மின் ஆப்பா? இதுல இருக்கு, அந்தப் பச்சை நிறத்துல. ஆமா, ரத்து பட்டனும் இருக்கு. என்னால முடியாதுன்னு நான் சொல்லலையே. பட்டனை அழுத்தினா காரணம் கேக்கும் சார். 'கஸ்டமர் பொம்பளைங்களை அடிப்பான்'னு பட்டியல்ல ஒரு காரணம் இல்ல. 'மற்றவை'யும் இல்ல, நான்தான் சொன்னேனே. இல்லாத காரணத்துக்கு எப்படி ரத்து பண்றது? அதுவும் வக்கீல் தொடாதேன்னு எழுதிக் குடுத்திருக்கார்.

சார், போனைக் குடுங்க. எதையோ திறக்கறீங்க. அந்த மேப்ல ஓடற புள்ளியா? அதுதான் ஜீவிதா. ஆமா, அந்தத் தெருதான். சார், குடுங்கன்னா. எனக்கு ஒரு கைதான், எட்டிப் பிடிக்க முடியாதுன்னு தெரிஞ்சே பண்றீங்க. பட்டியலை ஏன் தள்ளறீங்க? சார், வேண்டாம், அதை...

மழையா? மழைன்னா போட்டீங்க?

சார்! வெளிய பாருங்க சார், மே மாசம், தார் ரோடு உருகுது. ஒரு பொட்டு மேகம் இல்ல. மழைன்னு போட்டுட்டீங்களே! அந்த ஆளுக்கும் இந்நேரம் மெசேஜ் போயிருக்கும், மழை காரணமா ரத்துன்னு.

புள்ளி நின்னுடுச்சா? திரும்புதா? சரி, திரும்பட்டும், நான் அதைச் சொல்லல. ஒரு டிக்கெட் இல்ல, ஒரு சீட்டு காட்டல, பஸ்ல உக்காந்துக்கிட்டு ஒரு விரலால பண்ணிட்டீங்க. நாளைக்குக் காலைல ரிப்போர்ட்ல வந்து நிக்கும் சார், சென்னையிலேயே அந்த ஒரு தெருவுல மட்டும் மழைன்னு. என்னைக் கேட்டா நான் என்ன பதில் சொல்லுவேன்?